கோமாளி மீன் உடம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, காப்பர் மருந்து ஊற்றலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் வாங்கிய கோமாளி மீன் ஜோடியில் ஒன்று நேற்றிலிருந்து இரை எடுக்கவில்லை. உடம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது. கடைக்காரர் தொட்டியிலேயே காப்பர் ஊற்றச் சொல்கிறார்.

ஊற்றாதீர்கள். முதலில் அது எந்த வெள்ளை என்று பார்க்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டியின் பக்கவாட்டில் உட்காருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது சாய்வான வெளிச்சத்தில் தெரியும்.

உப்புக்கல்லை எண்ணித் தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் அது கடல்மீன் வெள்ளைப்புள்ளி நோய், கிரிப்டோகேரியான். டால்கம் பவுடர் பூசியது போல மிக மெல்லிய, லேசான தங்க நிறத் தூளாக இருந்தால் வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி நோய். புள்ளியாகவும் இல்லாமல் தூளாகவும் இல்லாமல், ஆறிய பாலின் மேல் ஏடு படிகிற மாதிரி திட்டுத்திட்டாக வழவழப்புப் படிந்து, அது உரிந்து தொங்கினால் புரூக்ளினெல்லா. 1970-ல் பெயரிடப்பட்ட ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இது. கோமாளி மீன்களை அதிகம் தாக்குவதால் கோமாளி மீன் நோய் என்றே இதைச் சொல்வார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. புதிதாக வந்த மீன், ஒரு வாரத்துக்குள் இரை எடுக்காமை, வேகமான மூச்சு என எல்லாம் பொருந்துகிறது. வெள்ளைப்புள்ளி என்றால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் இருக்கும். இதில் இருக்காது. தோலில் தெரிவதற்கு முன்பே செவுளைப் பிடித்திருக்கும். இரண்டு மூன்று நாளில் மீன் போய்விடும்.

இந்த வேகத்தை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் சென்னையில் வாங்கிய ஜோடி. பெண் மீன் பெரியது, கட்டை விரல் நீளம் இருக்கும். ஐந்தாம் நாள் மாலை பம்ப் தண்ணீர் விழுகிற இடத்தில், மேல் மட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நடு வெள்ளைப் பட்டையின் ஓரம் கலங்கியிருந்தது. வாயை மூடவே இல்லை. செவுள் அடிப்பதை எண்ணினேன், நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டியது. வெள்ளைப்புள்ளி என்று நானே முடிவு கட்டி, தனித் தொட்டியில் போட்டு காப்பர் கொடுத்தேன். காப்பர் புரூக்ளினெல்லாவை ஒன்றும் செய்யாது என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் தோல் நூல் நூலாகத் தொங்க, தொட்டியின் அடியில் கிடந்தது. இப்போது எழுதும்போதும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. மருந்து கைவசம் இருந்தது, தவறான மருந்து. ஆண் மீனுக்கும் அன்று மதியமே ஏடு படிய ஆரம்பித்தது. விஷயம் தெரிந்த ஒரு நண்பரைக் கேட்டு அதற்கு ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) கலந்த தண்ணீரில் குளியல் கொடுத்தேன். அது பிழைத்தது.

அதனால் அந்தக் குளியலைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ரசாயனக் கடையில் கிடைக்கும் 37 சதவீத ஃபார்மலின் வேண்டும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் வாங்காதீர்கள், அது மீனுக்குக் கடும் விஷம். உங்களுக்கும் இது நல்லதில்லை. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

சுத்தமான வாளியில் பத்து லிட்டர் கடல்நீர். உப்பு அளவும் வெப்பமும் தொட்டியில் இருப்பது போலவே இருக்கட்டும். அதில் 1.5 மில்லி ஃபார்மலின், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து. இதைவிட அதிக அளவைச் சில இடங்களில் படிப்பீர்கள். அது குளிர்ந்த தண்ணீருக்கு. 21 டிகிரிக்கு மேல் போனால் ஃபார்மலினின் கடுமை கூடும், நம் ஊர்த் தண்ணீர் எப்போதுமே அதற்கு மேல்தான். ஃபார்மலின் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் குறைக்கும், அதனால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் நன்றாகக் கொதிக்கிற மாதிரி ஓட வேண்டும். மீனை வலையில் பிடிக்காதீர்கள், ஏற்கனவே உரிந்த தோல் வலையில் சிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். 30 முதல் 45 நிமிடம், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மீன் சாய்ந்தாலோ துள்ளிக் குதித்தாலோ உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை கொடுத்தேன். முதல் குளியல் முடிந்தபோது வாளித் தண்ணீரில் கிழிந்த மெல்லிய துணி போல ஏடு மிதந்தது. அன்றிரவே மூச்சு நிதானமாகிவிட்டது.

இன்று இரவு ஃபார்மலின் கிடைக்கவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டாம், நன்னீர்க் குளியல் கொடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஆப்ப சோடா சிறிது கலந்து பிஎச் அளவையும் தொட்டிக்குச் சமமாக்கி, 3 முதல் 5 நிமிடம். இது நோயைத் தீர்க்காது. செவுளில் உள்ள ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி உதிர்ந்து மூச்சு விட இடம் கிடைக்கும், காலை வரை தாங்கும். அப்புறம், நன்னீர் மீன் வளர்த்த பழக்கத்தில் கல்லுப்பு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீரில் அதனால் பயன் கிடையாது.

குளியல் முடிந்த மீன் பழைய தொட்டிக்குத் திரும்பக் கூடாது. நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். மணலும் கல்லும் வேண்டாம். புதுத் தொட்டியில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. அதனால் தினமும் சோதித்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீராவது மாற்றுங்கள். நோய்க்குத் தப்பி அமோனியாவில் செத்த மீன்களும் உண்டு.

இன்னொரு மீன் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், அதையும் எடுத்துக் குளிப்பாட்டுங்கள். வேறு மீன்கள் இருந்தால் அவையும் வெளியே வர வேண்டும். பெரிய தொட்டி ஆறு வாரம் மீனே இல்லாமல் ஓடட்டும், ஒட்டிக்கொள்ள மீன் இல்லாமல் ஒட்டுண்ணி அழிந்துவிடும். நீங்கள் பார்ப்பது வெள்ளைப்புள்ளியாக இருந்தால் கதை வேறு. அந்த ஒட்டுண்ணி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடுகள் 72 நாள் வரை தாக்குப்பிடிக்கும், அதனால் 76 நாள் காலியாக விடுவார்கள். அந்த நோய்க்கும் வெல்வெட்டுக்கும் காப்பர் சரியான மருந்துதான், ஆனால் தனித் தொட்டியில் மட்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தை, இறால், பவளம், அனிமோன் எல்லாம் போய்விடும். கல்லிலும் மணலிலும் ஏறிய காப்பரை முழுசாக எடுப்பதும் கஷ்டம்.

இரை எடுக்க ஆரம்பித்தால் பாதி ஆபத்து கடந்தது. பச்சை இறால் சதையைக் கடுகளவு நறுக்கி, ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். துப்பினாலும் வாயில் எடுத்ததே நல்ல அறிகுறி. மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை கடலில் பிடித்ததை விட்டுப் பண்ணையில் பொரித்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைப் பொரித்து வளர்க்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. அன்று பிழைத்த என் ஆண் மீனுக்கும் அப்படிப் பொரித்த குட்டி ஒன்றைத்தான், ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு, துணையாக விட்டேன். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரும். பெண் போய்விட்டால் இருப்பதில் பெரியது பெண்ணாக மாறும். போன வருடம் அது அனிமோன் ஓரத்துக் கல்லில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைத்தது.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எந்த வெள்ளை என்பதையும் ஒரு நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை அடிக்கிறது என்பதையும் இங்கே எழுதுங்கள். இன்று இரவு விழித்துத்தான் இருப்பேன்.