ஓரகத்திக்கு மூணு மணி நேரம், அக்காவுக்குப் பதினெட்டு: எனக்கு எப்படி இருக்கும் டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 24. தலைப்பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அக்கா 18 மணி நேரம் துடித்துப் பெற்றாள். இடுப்பு ஒடிந்து இரண்டாகிவிடும் போல இருந்தது என்று இன்றைக்கும் சொல்லி அழுவாள். என் ஓரகத்தியோ, "ஆஸ்பத்திரிக்குப் போனேன், மூணு மணி நேரத்துல பெத்துட்டேன், இதுக்கா இவ்ளோ பயம்?" என்கிறார். மாமியார் நாலு பெற்றும் ஒரு சத்தம் போட்டதில்லையாம். எனக்கு மாதவிலக்கு வலியே தாங்காது, சுருண்டு படுத்துவிடுவேன். நான் வலி தாங்காதவளா? அக்காவுக்கு வந்த மாதிரிதான் எனக்கும் வருமா? முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்கிறார்களே, உண்மையா? (பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்)

பதில்: அக்காவும் பொய் சொல்லவில்லை, ஓரகத்தியும் பொய் சொல்லவில்லை. மாமியார் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவர் சொல்வது சத்தத்தைப் பற்றி, நீங்கள் கேட்பது வலியைப் பற்றி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி மருத்துவராக இருந்த காலம். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இரவு இரண்டு மணி, பிரசவ அறையில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பேர். ஒருவர் தலைப்பிரசவம், வலி வரும்போதெல்லாம் அறையே அதிரும்படி கத்துகிறார். இன்னொருவர் கடற்கரை ஊர்க்காரர், இரண்டாவது பிரசவம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார், வாயே திறக்கவில்லை. "சத்தம் போடலைன்னா இன்னும் நேரம் கிடக்கு, நீங்க அந்தம்மாவைப் பாருங்க" என்று சீனியர் நர்ஸ் சொன்னார், நானும் நம்பிக்கொண்டு கத்தினவர் பக்கமே நின்றேன். அவருக்கு அப்போது கருப்பை வாய் 3 செண்டிமீட்டர்தான் திறந்திருந்தது. சும்மா திரும்பிப் பார்த்தபோதுதான் அடுத்த கட்டிலில் அந்தக் கை கண்ணில் பட்டது. கட்டிலின் இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து, மணிக்கட்டில் ரத்தம் கோடு போட்டிருந்தது, கால் விரல்கள் பத்தும் உள்ளே மடங்கியிருந்தன. ஓடிப்போய் "வலிக்குதாம்மா?" என்றேன். "வருது டாக்டரம்மா" என்றார், அவ்வளவுதான். தலை தெரிந்துகொண்டிருந்தது. ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிய நிலையில் குழந்தையைப் பிடித்தேன். இருவரும் நலம், அது என் அதிர்ஷ்டம். மறுநாள் காலை வார்டில், ஏம்மா கூப்பிடவில்லை என்று கேட்டேன். "வலி உயிர் போச்சு டாக்டரம்மா, ஆனா கதவுக்கு வெளிய எங்க மாமியார் நின்னாங்க, கத்தினா கேட்டுடும்ல" என்றார்.

ஆக, யார் கத்துகிறார், யார் பல்லைக் கடிக்கிறார் என்பதற்கு வளர்ப்பு, கூச்சம், வெளியே யார் நிற்கிறார் என்று பல காரணம் உண்டு. வலியின் அளவு வேறு கணக்கு. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், வலியைச் சொற்களால் அளக்கும் ஒரு கேள்வித்தாளை உருவாக்கி 1980-களில் பிரசவப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தார். சராசரியாகப் பார்த்தால் பிரசவ வலி மிகக் கடுமையான வலிகளின் வரிசையில் வந்தது, ஆனால் ஆளுக்கு ஆள் இருந்த இடைவெளி மிகப் பெரியது: சிலர் லேசானது என்றார்கள், சிலர் சொல்ல வார்த்தையில்லை என்றார்கள். பொதுவாகத் தலைப்பிரசவக்காரர்களுக்கு அதிகம் இருந்தது. மாதவிலக்கு வலி கடுமையாக இருந்தவர்களுக்கும் சற்று அதிகம் இருந்தது. உங்களிடம் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, கேட்டிருக்கிறீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் அது கூட்டத்தின் சராசரி, உங்கள் ஜாதகம் கிடையாது, மாதாமாதம் சுருண்டு படுத்துவிட்டு எங்களிடம் வந்து "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் இப்படி ஆளுக்கொரு மாதிரி? உடம்பின் அமைப்புக்கும் குழந்தை படுத்திருக்கும் வாகுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் கட்டத்தில் கருப்பை இறுகி இறுகி வாயைத் திறக்கிறது. கருப்பையிலிருந்து போகும் நரம்பும், அடிவயிறு, கீழ்முதுகுப் பகுதிகளிலிருந்து போகும் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன, அதனால் மூளைக்கு இடம் பிரித்துத் தெரியாமல் ஒருவருக்கு அடிவயிறு, ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குத் தொடை வரை இழுக்கிறது. கடைசியில் தலை இறங்கும்போது வேறு நரம்பு, வேறு வலி, எரிச்சலும் கிழிக்கிற மாதிரியும். முக்க ஆரம்பித்ததும் "அப்பாடா" என்பவர்கள் உண்டு, அதுதான் மோசம் என்பவர்களும் உண்டு.

உங்கள் அக்காவின் கதையில் "இடுப்பு ஒடிந்து" என்ற சொல் எனக்கு ஒரு சந்தேகத்தைக் கொடுக்கிறது. வழக்கமாகக் குழந்தை தாயின் முதுகைப் பார்த்தபடி இறங்கும். சில குழந்தைகள் மாறி, வயிற்றுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வரும். அப்போது கடினமான பின்மண்டை தாயின் இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் போய் அழுத்தும், வலி முழுக்கப் பின்னாலேயே நிற்கும், நேரமும் இழுக்கும். பெரும்பாலும் குழந்தை வழியிலேயே தானாகத் திரும்பிவிடும். அக்காவுக்கு அப்படித்தான் ஆனது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் அப்படி இருந்தால் அது அந்தக் குழந்தை படுத்திருந்த வாகு, உங்கள் குடும்பத்து உடம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரக் கணக்கிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அக்கா முதல் சுருக்கு வந்த நிமிடத்திலிருந்து எண்ணியிருப்பார், ஓரகத்தி மருத்துவமனை வாசலிலிருந்து எண்ணுகிறார், வீட்டில் முதல் நாள் இரவு முழுக்க லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டது அவர் கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரையில், கருப்பை வாய் 5 செண்டிமீட்டர் திறந்த பிறகே வலி வேகம் பிடித்த கட்டம் என்கிறார்கள். அதிலிருந்து முழுதாகத் திறப்பதற்குத் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் போகாது, அடுத்தடுத்த பிரசவத்தில் 10. அதற்கு முந்தைய மெதுவான கட்டத்துக்கு வரையறையே கிடையாது. நர்ஸ் "ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று சொன்னால் இன்னும் அந்த மெதுவான கட்டம்தான், சோர்ந்துவிட வேண்டாம், சாப்பிட அனுமதித்தால் ஒரு இட்லி சாப்பிடுங்கள்.

இன்னொன்று, ஜெல் வைத்தோ குளுக்கோஸில் மருந்து ஏற்றியோ வலி வரவழைத்தார்களா என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். தானாக வரும் வலி மெல்ல ஏறும், மருந்தால் வரும் வலி பலருக்குச் சீக்கிரம் உச்சிக்குப் போகும், இடைவெளியும் குறையும். அப்புறம் பரம்பரைக் கூறும் கொஞ்சம் உண்டு. தலைப்பிரசவத்தில் வலி மருந்தே கேட்காத பெண்களைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, வலி நரம்பு எளிதில் தூண்டப்படாதபடி செய்யும் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்ததாக 2020-ல் எழுதினார்கள், ஏறக்குறைய நூறில் ஒரு பெண்ணுக்கு அது இருக்கலாமாம். உங்கள் ஓரகத்தி அந்த நூறில் ஒருவரோ என்னவோ, யார் கண்டது! அப்படியே இருந்தாலும் அது அவர் சம்பாதித்த வீரம் இல்லை, உங்களுக்கு இல்லாதது குறையும் இல்லை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். பிரசவ அறையில் கத்துகிற பெண்ணைப் பார்த்து "அப்ப மட்டும் இனிச்சுதா?" என்று கேட்கும் கேவலமான பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, என் காதாலேயே கேட்டிருக்கிறேன், பயிற்சிக் காலத்தில் தட்டிக் கேட்காமல் நின்றும் இருக்கிறேன். கிராமத்துப் பெண் தாங்குவாள், படித்த பெண் நடிப்பாள் என்று நாங்களாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பயந்து நடுங்குகிற உடம்பில் அட்ரினலின் ஏறும், தசை இறுகும், வலி இன்னும் கூடும், ஆகவே அதட்டல் மருத்துவ ரீதியாகவே முட்டாள்தனம். இதற்கு மாற்று ஒன்று உண்டு, செலவே கிடையாது: கூடவே ஒருவர். தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் துணைக்கு இருந்தால் வலி மருந்தின் தேவையும் ஆபரேஷனும் குறைகிறது, பிரசவ நேரமும் கொஞ்சம் குறைகிறது என்று 15,000-க்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் காட்டினார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடுவது பல வருடமாக இருக்கும் ஏற்பாடு, பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-ல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் அதைக் கேட்கிறது. யாரை அழைத்துப் போவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். யார் முன்னால் உங்களால் வாய்விட்டுக் கத்த முடியுமோ அவரை. அக்கா உள்ளே வந்தால் அவரே அழ ஆரம்பித்துவிடுவார் என்று தோன்றினால் வேண்டாம், அம்மாவோ சித்தியோ போதும்.

வருகிறவரிடம் இப்போதே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்புக்குப் பின்னால், வால் எலும்புக்குச் சற்று மேலே, நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், தடவிக் கொடுத்தால் போதாது. பின்பக்க வலிக்கு இது நல்ல பலன் தரும். ஆரம்பக் கட்டத்தில் மல்லாந்து படுக்காமல் நடப்பது, நிற்பது, ஒருக்களித்துப் படுப்பது எல்லாம் நல்லது. வெந்நீர்ப் பையும் சரி, தோல் பொறுக்கும் சூட்டில்.

இப்போது முதுகு ஊசி. எபிடியூரல் என்பார்கள். கீழ்முதுகில், தண்டுவடம் முடிந்ததற்கும் கீழே, மெல்லிய குழாயை வைத்து அதன் வழியாகக் குறைந்த அளவு மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது. ஊசி வெளியே வந்துவிடும், குழாய் மட்டும்தான் இருக்கும். பிரசவ வலிக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. ஆயுசுக்கும் முதுகுவலி என்பது தவறு: போட்டவர்கள், போடாதவர்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நீண்ட நாள் முதுகுவலி இருவருக்கும் ஒரே அளவுதான். பிள்ளையைக் குனிந்து தூக்கிக் குனிந்து பால் கொடுத்து வருகிற வலியை ஊசி மேல் போடுகிறார்கள். ஆபரேஷன் வாய்ப்பும் இதனால் கூடுவதில்லை. ஆனால் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்: முக்கும் கட்டம் கொஞ்சம் நீளும், ரத்த அழுத்தம் இறங்கலாம், அரிப்பு, காய்ச்சல் வரலாம், சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போகும், நூறில் ஒருவருக்குச் சில நாள் கடும் தலைவலி வரும், அதற்கும் வைத்தியம் உண்டு. 1847-ல் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோதும், பெண் வலிப்பட்டுத்தான் பெற வேண்டும் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1853-ல் விக்டோரியா ராணியே எட்டாவது பிரசவத்துக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நீங்கள் கேட்க ஏன் கூச்சம்?

பதிவு செய்திருப்பது கடலூரிலா பாண்டியிலா என்று எழுதவில்லை. எங்கே என்றாலும் அடுத்த செக்கப்பில் கேளுங்கள்: எபிடியூரல் கொடுக்க மயக்க மருந்து மருத்துவர் இரவிலும் இருப்பாரா, இல்லையென்றால் வேறு என்ன உண்டு? ஊசியாகப் போடும் வலி மருந்து உண்டு, தூக்கக் கலக்கம் தரும், பிரசவத்துக்கு மிக நெருக்கத்தில் போட்டால் குழந்தைக்கு மூச்சு மந்தமாகலாம் என்பதால் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். சில இடங்களில் மூச்சில் இழுக்கும் வாயு இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு, என் நோயாளிகளுக்கு நான் விரலை மடக்கிச் சொல்வது. வலி நன்றாகப் பிடித்த நேரத்தில் 10 நிமிடத்துக்கு மூன்று வலி, ஒவ்வொன்றும் 40 விநாடி என்று வையுங்கள். மணிக்குப் பதினெட்டு வலி, எல்லாம் சேர்த்தால் 12 நிமிடம். மீதி 48 நிமிடமும் இடைவெளி. கடைசியில் இந்த இடைவெளி சுருங்கும்தான், ஆனால் அதுவரை ஒவ்வொரு இடைவெளியிலும் தாடையைத் தளர்த்தி, தோளை இறக்கி, கண்ணை மூடுங்கள்.

எப்போது கிளம்புவது? இரவில் வயிறு இறுகினால் வீட்டில் சீரகக் கஷாயம் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் நிஜ வலி என்பார்கள். கஷாயம் குடிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் தீர்ப்பைக் கடிகாரத்திடம் விடுங்கள்: இடைவெளி குறைந்துகொண்டே வந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாக விடாமல் வந்தால் புறப்படுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, வயிறு இடையில் தளராமல் கல் மாதிரி இறுகியே நின்று வலித்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே 108. எட்டாம் மாதத்திலேயே சீராக வலி வந்தாலும் அப்படியே, அது குறைமாத வலியாக இருக்கலாம்.

தாய் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகாப்பு வளையலை மட்டும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கைக்கு ஒன்று இருக்கட்டும், மிச்சத்தைப் பிள்ளையோடு வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.