உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் தோற்ற அணிகளில் மிகச் சிறந்தது எது?

1954-இல் தோற்ற ஹங்கேரி. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இந்தக் கேள்வி வந்தாலே பலரும் யோஹான் கிரய்ஃப் ஆடிய 1974 நெதர்லாந்து அணியைச் சொல்வார்கள். எனக்கும் அந்த அணியை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது ஒரு கோடைக்காலத்தில் உலகத்தை அசத்திய அணி. ஹங்கேரி கதை வேறு. 1950 ஜூன் முதல் 1956 பிப்ரவரி வரை, கிட்டத்தட்ட ஆறு வருடத்தில், அவர்கள் தோற்றது ஒரே ஒரு ஆட்டம். அந்த ஒன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டியாக வந்து அமைந்தது.

அவர்கள் எப்பேர்ப்பட்ட அணி என்று தெரிய 1953 நவம்பரில் வெம்ப்லியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த எந்த அணியிடமும் இங்கிலாந்து அதுவரை சொந்த மண்ணில் தோற்றதில்லை. ஹங்கேரி 6-3 என்று ஜெயித்தது. அதற்கு முந்தைய வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியிருந்தார்கள். இருந்தும் இங்கிலாந்துக்காரர்கள் தயாராக இல்லை. ஹங்கேரியின் 9-ம் எண் சட்டைக்காரர் ஹிதேகுட்டி, சென்டர் ஃபார்வர்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பின்னால் இறங்கி நடுக்களத்தில் ஆடினார். அவரைப் பிடிக்க வேண்டிய இங்கிலாந்து டிஃபென்டருக்குக் குழப்பம். கூடவே போனால் பின்னால் பெரிய ஓட்டை விழும், அதில் முன்கள வீரர்கள் புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்துவிடுவார்கள். போகாமல் நின்றால் ஹிதேகுட்டி நிதானமாகப் பந்தை வாங்கித் திரும்புவார். அன்று அவர் மட்டும் மூன்று கோல் போட்டார். பழிவாங்க 1954 மே மாதம் புடாபெஸ்ட் போன இங்கிலாந்து 7-1 என்று தோற்றுத் திரும்பியது.

அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவை 9-0. இரண்டாவதில் மேற்கு ஜெர்மனியை 8-3. இந்த 8-3 தான் இறுதிப் போட்டியின் விதை என்பது என் கருத்து. அந்தப் போட்டி விதிகள் விசித்திரமானவை. பிரிவில் நான்கு அணிகள், அதில் இரண்டு தரவரிசை பெற்றவை, அவை தங்களுக்குள் மோதாது, அதனால் ஒவ்வொரு அணியும் இரண்டே ஆட்டம்தான் ஆடும். இரண்டாம் இடத்துக்குப் புள்ளிகள் சமமானால் ஒரு கூடுதல் ஆட்டம். ஜெர்மன் பயிற்சியாளர் ஸெப் ஹெர்பெர்கர் கணக்குப் போட்டார்: ஹங்கேரியிடம் தோற்றாலும், முதல் ஆட்டத்தில் ஜெயித்த துருக்கியை மறுபடி ஒரு கூடுதல் ஆட்டத்தில் ஜெயித்துக் காலிறுதிக்குப் போய்விடலாம். அதனால் முக்கியமான ஆட்டக்காரர்கள் பலரை உட்கார வைத்துவிட்டு அணியை இறக்கினார். அவர் நினைத்தபடியே துருக்கியை 7-2 என்று ஜெயித்துக் காலிறுதிக்குப் போனார்கள்.

அந்த 8-3 ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜெர்மன் டிஃபென்டர் வெர்னர் லீப்ரிஷ் பின்னாலிருந்து உதைத்ததில் புஷ்காஷின் கணுக்கால் போனது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் காலிறுதி, அரையிறுதி இரண்டையும் வெளியில் உட்கார்ந்து பார்த்தார்.

அந்த இரண்டு ஆட்டங்களும் அணியைப் பிழிந்துவிட்டன. ஜூன் 27-இல் பிரேசில். கொட்டும் மழையில் ஆட்டம் அடிதடியாகி மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதில் ஒருவர் ஹங்கேரியின் போஷிக், அந்த நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்! ஆட்டம் முடிந்த பிறகும் சண்டை உடைமாற்றும் அறை வரை போனது. ஹங்கேரி 4-2 என்று ஜெயித்தது. மூன்றே நாளில், ஜூன் 30-இல், நடப்புச் சாம்பியன் உருகுவே. அதுவரை உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. 2-0 என்று முன்னணியில் இருந்த ஹங்கேரியைக் கடைசிக் கால் மணி நேரத்தில் பிடித்து 2-2 ஆக்கினார்கள். கூடுதல் நேரத்தில் கோச்சிஷ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள்தான் ஹங்கேரியைக் காப்பாற்றின. அதே நாளில் ஜெர்மனி தன் அரையிறுதியில் ஆஸ்திரியாவை 6-1 என்று, பெரிதாக வியர்க்காமல் ஜெயித்தது.

ஜூலை 4, பெர்ன் நகரத்தின் வாங்க்டார்ஃப் மைதானம். மறுபடியும் மழை. ஜெர்மன் கேப்டன் ஃபிரிட்ஸ் வால்ட்டருக்கு வெயில் ஆகாது, போர்க்காலத்தில் மலேரியா வந்தவர். மழை அவருக்கு வரம். (அவருக்கும் ஹங்கேரிக்கும் ஒரு பழைய பந்தமும் உண்டு. 1945-இல் போர்க்கைதியாக இருந்தபோது, அவர் ஆடியதை முன்பு பார்த்திருந்த ஒரு ஹங்கேரியக் காவலர், இவர் ஜெர்மானியரே இல்லை என்று சொல்லி சோவியத் முகாமுக்குப் போகாமல் தப்பவைத்தார்.)

புஷ்காஷ் முழுதாகக் குணமாகவில்லை, ஆனாலும் இறங்கினார். பயிற்சியாளர் ஷெபெஷ் இந்த முடிவை எடுத்தது தவறு என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 6-வது நிமிடம் முதல் கோலைப் போட்டதே புஷ்காஷ்தான். 8-வது நிமிடம் ஜெர்மன் டிஃபென்டரும் கோல்கீப்பரும் பந்தை நீ எடு நான் எடு என்று குழம்ப, ஹங்கேரியின் சிபோர் தட்டிவிட்டு 2-0. எனக்கு உறுத்துவது வேறு. வலது ஓரத்தில் ஆட வேண்டிய புடாயை நீக்கி, இடது ஓரத்தில் பழகிய சிபோரை வலதுக்கு மாற்றியிருந்தார் ஷெபெஷ். சோர்ந்துபோன அணியில் இந்த மாற்றம் தேவையே இல்லை.

18-வது நிமிடத்துக்குள் ஜெர்மனி 2-2 ஆக்கிவிட்டது, மார்லாக் ஒன்று, ரான் ஒன்று. அதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிற்றெரிச்சல். ஹிதேகுட்டி அடித்தது போஸ்டில் பட்டது. கோச்சிஷ் முட்டியது மேல் கம்பத்தில் பட்டது. ஒரு பந்தைக் கோல்கோட்டிலேயே நின்று தட்டிவிட்டார்கள். ஜெர்மன் கோல்கீப்பர் டுரெக் கைக்கு எட்டியது எட்டாதது எல்லாவற்றையும் பிடித்தார்.

84-வது நிமிடம். இடது பக்கமிருந்து வந்த பந்தை ஹங்கேரிக்காரர்கள் தலையால் வெளியே தள்ளுகிறார்கள். அது நேராகப் பெனால்டி ஏரியா விளிம்பில் நிற்கும் ஹெல்முட் ரானிடம் போகிறது. ரான் வலது காலால் அடிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, அவர் பந்தை உள்பக்கம் இழுத்து இடது காலால் தரையோடு தரையாக அடிக்கிறார். ஹங்கேரி கோல்கீப்பர் குரோஷிச் பாய்ந்தும் எட்டவில்லை. 3-2. அடுத்த சில நிமிடத்தில் புஷ்காஷ் பந்தை வலைக்குள் தள்ளினார். வேல்ஸ் நாட்டு லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார், ஆப்சைட். அது ஆப்சைடா இல்லையா என்று முடிவாகச் சொல்லக்கூடிய படம் இல்லாததால் அந்த வாதம் முடியவே இல்லை.

அடிடாஸ் நிறுவனர் ஆடி டாஸ்லர் செய்துகொடுத்த, ஆணிகளைத் திருகி மாற்றக்கூடிய காலணிதான் ஜெர்மனியை ஜெயிக்க வைத்தது என்பார்கள். வழுக்கும் தரையில் நீளமான ஆணி உதவியிருக்கும், சரி. ஜெர்மன் வீரர்களுக்கு ஊசி போடப்பட்ட கதையும் உண்டு, அது வைட்டமின்தான் என்று அவர்கள் சொன்னார்கள். இதையெல்லாம் பிடித்துக்கொண்டு ஜெர்மனியின் வெற்றியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. தொழில்முறை தேசிய லீக்கூட இல்லாத நாடு அது, பண்டஸ்லீகா வந்ததே 1963-இல்தான். எட்டு கோல் வாங்கிய அணியிடம் இரண்டு வாரத்தில் மறுபடி மோதி, இரண்டு கோல் பின்தங்கியும் நிமிர்ந்து ஜெயிப்பது சாதாரணமா? ஆனால் ஹங்கேரி அன்று ஆட்டத்தில் தோற்கவில்லை, கால்களில் தோற்றது. இன்னும் இரண்டு நாள் ஓய்வு கிடைத்திருந்தால் கோப்பை புடாபெஸ்டுக்குப் போயிருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஊரில் மக்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். கோல்கீப்பர் குரோஷிச் மேல் உளவுக் குற்றம் சாட்டி வீட்டுக் காவலில் வைத்தார்கள். 1956-இல் புரட்சி வெடித்தபோது புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் தங்கள் ஹோன்வேத் கிளப்போடு வெளிநாட்டில் இருந்தார்கள், திரும்பவில்லை. நெதர்லாந்துக்கு நான்கே வருடத்தில் இன்னொரு இறுதிப் போட்டி கிடைத்தது. 1974-இல் பயிற்சியாளராக இருந்த ரீனுஸ் மிஷெல்ஸே 1988-இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஹங்கேரி அதற்கப்புறம் உலகக் கோப்பை இறுதிக்கு வரவே இல்லை. கோச்சிஷும் சிபோரும் மட்டும் 1961-இல் பார்சிலோனா அணிக்காகக் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் அதே வாங்க்டார்ஃபில் இறங்கினார்கள். இருவருமே ஆளுக்கு ஒரு கோல் போட்டார்கள். பந்து மறுபடி மறுபடி கம்பத்தில் பட்டது. போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பிடம் தோற்றார்கள், அதே 3-2.

பெர்ன் இறுதிப் போட்டிக்குத் துண்டு துண்டான படங்கள்தான் உண்டு. அதனால் இந்த அணியைப் பார்க்க ஆசைப்பட்டால் வெம்ப்லி ஆட்டத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஹங்கேரியின் மூன்றாவது கோலை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கோலுக்குப் பக்கத்தில், வலது ஓரத்தில் புஷ்காஷிடம் பந்து வருகிறது. இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் சறுக்கிக்கொண்டு பாய்கிறார். புஷ்காஷ் இடது பாதத்தின் அடியால் பந்தைப் பின்னுக்கு இழுக்கிறார், ரைட் ஆளில்லாத இடத்தில் சறுக்கிக்கொண்டே போய்விடுகிறார், அடுத்த நொடி அதே இடது காலால் அடித்த பந்து வலைக்குள் இருக்கிறது.