கடலைத் தூர்க்கும் பறவை

கேள்வி: ஐயா, என் மகன் சீனப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். கட்டுரையில் ‘வீண் வேலை’ என்ற அர்த்தத்தில் ‘ஜிங்வெய் தியான்ஹாய்’ என்று எழுதினானாம், ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ஒரு பறவை கடலைத் தூர்க்கப் பார்த்த கதையாம். அது வீண் வேலைதானே?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஆசிரியை சுழித்தது சரிதான் அம்மா. நாம் ‘விழலுக்கு இறைத்த நீர்’ என்கிற இடத்தில் சீனர்கள் மூங்கில் கூடையில் தண்ணீர் மொண்டதாகச் சொல்வார்கள், அவன் எழுத வேண்டியது அதுதான். இந்தப் பறவை வேறு.

கதை ‘ஷான்ஹாய் ஜிங்’ என்ற பழைய சீன நூலில் சில வரிகளில் வருகிறது. யான் பேரரசரின் சின்ன மகள் கீழைக் கடலில் விளையாடப் போனாள், மூழ்கிவிட்டாள், திரும்பவேயில்லை. அப்புறம் அவளே ஜிங்வெய் என்ற பறவையானாள்: காக்கை போன்ற உருவம், வரி ஓடிய தலை, வெள்ளை அலகு, சிவந்த கால், கூவும்போது தன் பெயரையே சொல்லிக் கூவும். மேற்கு மலைகளிலிருந்து சுள்ளியும் கல்லும் கவ்விவந்து, தன்னை விழுங்கிய அந்தக் கடலில் போட்டுக்கொண்டே இருக்கிறது.

நம் பஞ்சதந்திரத்திலும் முட்டையைக் கடல் கொண்டுபோனதற்காகக் கடலோடு மல்லுக்கு நிற்கும் ஆள்காட்டிக் குருவி உண்டு. ஆனால் அதற்குக் கருடன் வருகிறார், திருமால் வருகிறார், கடல் பயந்துபோய் முட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஜிங்வெய்க்கு யாரும் வரவில்லை. ஒத்தாசைக்கு ஆளில்லை, வேலை முடியப்போவதும் இல்லை, அப்படியும் அடுத்த கல்லுக்குப் பறக்கிறதே, அந்த வைராக்கியத்தைத்தான் இந்தத் தொடர் பாராட்டுகிறது. தீராத மனக்குமுறலைச் சொல்லவும் பழைய எழுத்தில் இது வரும். பள்ளிக் கட்டுரைக்கு விடாமுயற்சி என்று வைத்துக்கொண்டால் போதும்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். சீனாவை ஆண்ட மஞ்சு அரச வம்சத்துக்கு எதிராக எழுச்சிக்குமேல் எழுச்சி நடத்தித் தோற்றுப்போன நிலையில் புரட்சித் தலைவர் சன் யாட் சென் 1910-ல் நம் பினாங்கில்தான் கூட்டம் போட்டு அடுத்ததைத் திட்டமிட்டார். அதுவும் 1911 ஏப்ரலில் கான்டனில் தோற்றது, பிறகு அக்டோபரில் வுச்சாங்கில் தொடங்கிய எழுச்சியில்தான் மஞ்சு ஆட்சி சரிந்தது. இவரைப் பற்றி எழுதும்போது உங்கள் மகன் இந்தத் தொடரைத் தாராளமாகப் போடலாம்.

சன் யாட் சென்னோடு இருந்த ஒருவர் இந்தப் பறவையின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டு வாங் ஜிங்வெய் ஆனார், அவர் மனைவி சென் பிஜுன் பினாங்கில் பிறந்தவர். ஆனால் வாங் 1940-ல் நான்ஜிங்கில் ஜப்பானியரின் தயவில் அரசு நடத்தியவர், சீனர்கள் அவரைத் துரோகி என்றுதான் சொல்வார்கள், அதனால் கட்டுரையில் அவரை உதாரணம் காட்ட வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவையுங்கள்.