"இனி எனக்கு எதுக்கு, நீயே வச்சுக்கோ" – மருத்துவர் பதில்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 49 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் 22 வருஷம் லேத் ஓட்டினார். போன ஆடியில் பட்டறையை மூடிவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் வேலை தேடி அலைந்தார். இப்போது தேடுவதே இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், பகலெல்லாம் படுக்கைதான். சாப்பாடு பாதியாகிவிட்டது, சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், பிறகு தனியாகப் போய் அழுகிறார். முன்பு எப்போதாவது குடிப்பவர் இப்போது வாரத்தில் மூன்று நாள் குடிக்கிறார். கூட வேலை பார்த்த பையன் பார்க்க வந்தபோது, யாரையும் தொடக்கூட விடாத தன் மைக்ரோமீட்டரை "இனி எனக்கு எதுக்கு, நீயே வச்சுக்கோ" என்று கொடுத்தனுப்பிவிட்டார். மாமியார் "உடம்பு வணங்கலை, சோம்பேறித்தனம்" என்கிறார். மாத்திரை ஆரம்பித்தால் காலம் முழுக்க அடிமையாகிவிடுவார் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். நடை, யோகா, மூலிகை என்று இயற்கையான முறையில் சரிசெய்ய வழி சொல்லுங்கள் டாக்டர்.
– வாசகி, கொரட்டூர்

பதில்: அம்மா, இயற்கை வழிகளைக் கேட்டிருக்கிறீர்கள். அவசியம் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தவன் அந்த மைக்ரோமீட்டர் வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

லேத் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் அந்தக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதும், துணியால் துடைத்துத் திரும்ப வைப்பதும் அவர்களுக்குப் பூஜை மாதிரி. அப்படிப்பட்ட மனிதர் அதைத் தூக்கிக் கொடுத்து, "இனி எனக்கு எதுக்கு" என்றும் சொல்லியிருக்கிறார். வேலை போன வருத்தத்தில் சொன்ன பேச்சாகவும் இருக்கலாம். உயிரோடு இருக்க விருப்பமில்லாதவர்கள் தங்களுக்குப் பிரியமான பொருள்களை இப்படிப் பிறருக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. எது என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். அதனால் முதலில் கேளுங்கள், இன்றைக்கே.

எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்க படற கஷ்டம் எனக்குத் தெரியுது. வாழ வேணாம்னு, செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு கதவு திறக்கும், அவ்வளவுதான். இந்தக் கேள்வியைக் கேட்டதும் "இத்தனை நாளா யாரும் கேக்கலையே டாக்டர்" என்று உடைந்து அழுத ஆண்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். அவர் "ஆமாம்" என்று சொன்னால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்காதீர்கள். சொல்லட்டும், கேளுங்கள். அதன் பிறகு அவரைத் தனியாக விடாதீர்கள்.

பதில் எதுவானாலும் வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, சேர்த்து வைத்த பழைய மாத்திரைகள் இருந்தால் இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள். இரவு எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் இது, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. நீங்களும் அழைக்கலாம், அவரும் அழைக்கலாம். நிலைமை கைமீறுவதாகத் தோன்றினால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இனி, இது என்ன நோய் என்பது. பத்திரிகைகளில் எல்லாவற்றையும் "மன அழுத்தம்" என்று எழுதிவிடுகிறார்கள். வாடகை, கடன், மேலதிகாரி தரும் நெருக்கடி இவையெல்லாம் மன அழுத்தம். காரணம் விலகினால் அதுவும் பெரும்பாலும் விலகிவிடும். உங்கள் கணவருக்கு இருப்பதாக நான் நினைப்பது மனச்சோர்வு, டிப்ரஷன். வேலை போன அழுத்தத்தில் தொடங்கியிருக்கும். ஆனால் இப்போது அது தனியாக ஓட ஆரம்பித்துவிட்டது. நாளைக்கே ஒரு பட்டறையில் கூப்பிட்டாலும் அவரால் எழுந்து போக முடியாது.

மனம் துவண்டிருப்பது, எதிலும் ஈடுபாடு இல்லாதது, தூக்கம் கெடுவது, பசி குறைவது, அசதி, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கவனம் சிதறுவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு என்று ஒன்பது அறிகுறிகளை நாங்கள் பார்ப்போம். முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருந்து, மொத்தம் ஐந்தாவது இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அநேகமாக நாள் முழுக்க இருந்தால் மனச்சோர்வு என்போம். நீங்கள் எழுதியதிலேயே ஐந்துக்கு மேல் எண்ணிவிட்டேன். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அந்த நேரத்தில் மனம் மிகவும் பாரமாக இருந்து, சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் லேசாவது இந்த நோயில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. ஆண்களிடம் இது அழுகையாக வருவதைவிட எரிச்சலாகவும் குடியாகவும் வருவது அதிகம். வீட்டில் இருப்பவர்கள் கோபத்தைத்தான் பார்க்கிறார்கள், உள்ளே இருப்பது தெரிவதில்லை.

உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சோம்பேறிக்கு விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வராது. 22 வருஷம் நின்றபடியே வேலை பார்த்த மனிதருக்கு 49 வயதில் திடீரென்று சோம்பேறித்தனம் வராது. பெற்ற வயிறு, பயத்தில்தான் அப்படிப் பேசுகிறார். அவர் மேல் வருத்தம் வேண்டாம், ஆனால் அந்தச் சொல் மட்டும் உங்கள் கணவர் காதில் விழ வேண்டாம். அவர் தன்னைப் பற்றி ஏற்கெனவே அதைவிட மோசமாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். "மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்பதும் அப்படித்தான். காய்ச்சல்காரரிடம் "சூட்டைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்ல மாட்டோம் இல்லையா?

இயற்கை வழிகளுக்கு வருகிறேன். லேசான மனச்சோர்வில் மாத்திரை இல்லாமல், பேச்சு சிகிச்சையும் வாழ்க்கை முறை மாற்றமுமே போதுமானதாக இருப்பதுண்டு. உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்று நினைக்கிறேன். இப்போது இவை சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

நடையில் ஆரம்பிப்போம். "போய் ஒரு வாக்கிங் போய்ட்டு வாங்களேன்" என்றால் போக மாட்டார். போக முடியாது என்பதுதான் நோயே. மனம் சரியானதும் நடக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. கால் முதலில் போகட்டும், மனம் பின்னால் வரும். அதனால் மிகச் சின்னதாக, ஒரு காரியத்தோடு சேர்த்துத் தொடங்குங்கள். காலையில் ஆவின் பூத்துக்குப் பால் வாங்கப் போவது யார்? நாளை முதல் நீங்களும் அவரும் சேர்ந்து போங்கள். அரை லிட்டர் பச்சைப் பாக்கெட், போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். பேச வேண்டாம், அறிவுரை வேண்டாம், கூட நடந்தால் போதும். ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது ஒரு தெரு சுற்றி வாருங்கள். மூன்றாவது வாரம் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் விறுவிறு நடை என்பது வயது வந்தோருக்குச் சொல்லப்படும் அளவு. அங்கே போய்ச் சேர இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் "நேத்து ஏன் வரலை" என்று கேட்காதீர்கள், அடுத்த நாள் செருப்பை எடுத்து வையுங்கள்.

காலை வெயில் முகத்தில் படுவது உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்யும், தூக்கம் மெல்ல ஒழுங்குக்கு வரும். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், ராத்திரி தூங்கினாரோ இல்லையோ. பகலில் படுத்தே தீர வேண்டுமென்றால் அரை மணி, அதுவும் மூன்று மணிக்குள். மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

குடி பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குடித்தால் தூக்கம் வருகிறது என்பார். வரும், ஆனால் நடு இரவில் கலைத்துவிடும். மூன்று மணி விழிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மதுவே மூளையை மந்தப்படுத்தும் பொருள், மனச்சோர்வை ஆழமாக்கும். விபரீத எண்ணம் உள்ளவருக்குப் போதையில் நிதானம் தவறிவிடும், அதுதான் என் பெரிய பயம். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் அறிந்ததைவிட அதிகமாக, தினமுமே குடிக்கிறார் என்று தெரியவந்தால், சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவரிடம் சொல்லி அவர் பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

உணவில் மந்திரம் எதுவும் இல்லை. இந்தப் பழம், அந்தக் கீரை மனச்சோர்வை விரட்டும் என்று கைபேசியில் வருவதை நம்பி அலையாதீர்கள். நேரத்துக்கு இரண்டு இட்லி, ஒரு முட்டை, கிடைத்தால் மத்தி மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். யோகாவும் மூச்சுப் பயிற்சியும் படபடப்புக்கும் தூக்கத்துக்கும் நல்ல துணை. அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே முறையாகக் கற்றுக்கொள்ளலாம். கோயிலுக்குப் போவது பிடிக்குமென்றால் கூட்டம் இல்லாத நேரமாக அழைத்துப் போங்கள்.

மூலிகையில்தான் எச்சரிக்கை தேவை. இயற்கை என்பதாலேயே ஒரு பொருள் சாதுவாகிவிடாது. அமுக்கரா தைராய்டு அளவை மாற்றலாம், சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. ஆன்லைனில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேல்நாட்டு மூலிகைக் கேப்ஸ்யூலை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் ஆபத்தான விளைவுகள் வரலாம். எதைக் கொடுப்பதானாலும், சித்த மருந்தானாலும், எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

மாத்திரை பயத்துக்கு வருவோம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதை தருபவை அல்ல, அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லி ஏங்க வைப்பதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறேழு வாரமும் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பலர் "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி, கொஞ்சம் தவிப்பு இருக்கலாம். தவிப்பு அதிகமானால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம், பிறகு மெதுவாகக் குறைத்து நிறுத்துவோம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் என்று உடம்பு தொல்லை தரும். அதைத்தான் அடிமைத்தனம் என்று தவறாக நினைக்கிறார்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து உண்மையில் தூக்க மாத்திரைகளுக்கு உண்டு. யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கே போவது? கீழ்ப்பாக்கம் என்ற பேரையே நம் ஊரில் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். 1794-ல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனை பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற பழைய பேரால் எத்தனை குடும்பங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. தூக்கமில்லை, மனம் சரியில்லை என்று வந்து பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புபவர்கள் அங்கே தினமும் வருகிறார்கள். அங்கே போகத் தயக்கமென்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம்.

"மனநல டாக்டர்" என்றதும் அவர் மறுத்தால், "மூணு மாசமா தூக்கமே இல்லை, இளைச்சுப் போயிட்டீங்க, அதைக் காட்டிட்டு வரலாம்" என்று சொல்லி அழைத்துப் போங்கள். அது பொய்யும் இல்லை. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, பி12 பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், அவற்றின் கோளாறும் இப்படிச் சோர்வாக வரும். எப்போதாவது தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பேச்சும் செலவுமாக நாள்கணக்கில் இருந்திருக்கிறாரா என்று மருத்துவர் கேட்பார். யோசித்து வையுங்கள். பதிலைப் பொறுத்து மருந்தே மாறும்.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது, நீங்கள் தூங்குகிறீர்களா என்று தெரியவில்லை. இந்த பாரத்தை ஒருவர் மட்டும் சுமக்க முடியாது. உங்கள் அண்ணனோ, அவருடைய பழைய சிநேகிதரோ, நம்பிக்கையான ஒருவரிடம் உண்மையைச் சொல்லி, வாரத்தில் இரண்டு மாலை வந்து அவரோடு இருக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கொஞ்சம் படுங்கள்.

மைக்ரோமீட்டரை இப்போது போய்த் திருப்பிக் கேட்க வேண்டாம். அவராகக் கேட்கிற நாள் வரும்வரை, அந்தப் பையனிடம் மட்டும் சொல்லி வையுங்கள்: "வித்துடாதப்பா. அப்பப்போ துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்திரமா வை."