பெயரும் மார்க்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். சில ஆண்டுகளாக என்னைக் ‘கிறிஸ்தவன்’ என்று சொல்லிக்கொள்வதைத் தவிர்த்து வருகிறேன். அந்தச் சொல் இன்று ஓர் அமைப்பையும் பிறப்பையும் மட்டுமே குறிப்பதாக எனக்குப் படுகிறது. யாராவது கேட்டால் ‘இயேசுவைப் பின்பற்றுகிறவன்’ என்கிறேன். எந்தச் சபை என்று கேட்டால், சபைப் பெயர் எதுவும் எனக்கில்லை என்று சொல்லிவிடுகிறேன். நெருங்கிய நண்பர் ஒருவர், இது பணிவு போலத் தெரிந்தாலும் உண்மையில் நழுவல்தான் என்று சொன்னது மனதை உறுத்துகிறது. கிறிஸ்தவர் என்பதே வெளியார் இட்ட பெயர்தானே? அதை விட்டுவிடுவதில் என்ன தவறு இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது வெளியார் இட்ட பெயராகவே இருக்க வேண்டும் என்பதில் நான் உங்களோடு உடன்படுகிறேன். அந்தியோகியாவில்தான் சீஷர்களுக்கு அந்தப் பெயர் முதன்முதலில் வழங்கிற்று என்று அப்போஸ்தலர் நடபடிகளின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. சூட்டியவர் யார் என்று சொல்லவில்லை. ஏரோதின் ஆட்களை ஏரோதியர் என்றதைப் போல, ஒரு தலைவனின் ஆட்களைக் குறிக்கும் லத்தீன் விகுதி அந்தச் சொல்லில் இருக்கிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது மூன்றே இடங்களில் வருகிறது. அந்தியோகியா பற்றிய அந்த வரி ஒன்று. நீ என்னையும் கிறிஸ்தவனாக்கப் பார்க்கிறாயா என்னும் பொருளில் அகிரிப்பா அரசன் பவுலிடம் பேசுவது இன்னொன்று. கிறிஸ்தவனாயிருப்பதால் பாடுபட நேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்வது மூன்றாவது. அவர்கள் தங்களுக்குள் சீஷர், சகோதரர், பரிசுத்தவான்கள், விசுவாசிகள் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள்.

இவற்றோடு இன்னொரு பெயரும் இருந்தது. பேலிக்ஸ் என்னும் ரோம ஆளுநரின் முன் பவுலை நிறுத்தியபோது, குற்றம் சாட்டிய வழக்கறிஞர் இவன் நசரேயரின் மதபேதத்துக்குத் தலைவன் என்றார். பவுல் எழுந்து, இவர்கள் மதபேதம் என்று சொல்கிற அந்த மார்க்கத்தின்படியே நான் முன்னோர்களின் தேவனை ஆராதிக்கிறேன் என்றார். ஒரே மன்றத்தில், ஒரே நாளில், ஒரே நம்பிக்கைக்கு எதிரி ஒரு பெயர் சொல்ல, உடையவர் வேறொரு பெயர் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது நடந்து போகிற வழியைக் குறிக்கும் எளிய சொல். அதற்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘மார்க்கம்’ என்று எழுதியது எனக்கு எப்போதும் நிறைவளிக்கும், ஏனென்றால் தமிழில் அந்த ஒரு சொல்லே வழியையும் சமயத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. ‘பின்பற்றுகிறவன்’ என்று நீங்கள் சொல்லும்போது இந்த மிகப் பழைய பெயருக்கு அருகில்தான் நிற்கிறீர்கள். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் வெளியார் இட்ட அந்தப் பெயருக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 112ஆம் ஆண்டில், ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதத்தில் ஓர் ஐயத்தை எழுப்புகிறார்: வேறு குற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்தப் பெயருக்காகவே தண்டிக்க வேண்டுமா, அல்லது பெயரோடு சேர்ந்த குற்றங்களுக்காகத் தண்டிக்க வேண்டுமா? தம் முன் நிறுத்தப்பட்டவர்களிடம், நீங்கள் கிறிஸ்தவர்களா என்று தண்டனையைச் சொல்லி எச்சரித்தபடியே மூன்று முறை கேட்டதாகவும், மூன்று முறையும் ஆம் என்றவர்களைக் கொல்ல அனுப்பியதாகவும் அவரே எழுதுகிறார். 177இல் லியோன் நகரத்தில் சாங்துஸ் என்னும் திருத்தொண்டரைச் சித்திரவதை செய்து, பெயர் என்ன, ஊர் எது, அடிமையா சுதந்திரனா என்று கேட்டபோது, எல்லாக் கேள்விக்கும் அவர் ‘நான் கிறிஸ்தவன்’ என்ற ஒரே பதிலைத்தான் லத்தீனில் சொன்னார். 203இல் கார்த்தேஜில் கைதாகியிருந்த பெர்பெத்துவா என்னும் இளம் தாய், மன்றாட வந்த தந்தைக்கு அங்கே கிடந்த தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைக் காட்டி, இதை இது எதுவோ அந்தப் பெயரைத் தவிர வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார் அவர். நானும் அப்படித்தான், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்றாள். தந்தை முன்னால் கிடந்த அந்தப் பாத்திரத்தை நான் பலமுறை மனத்தில் கண்டிருக்கிறேன். பிறர் ஒட்டிய பெயரை இவர்கள் உயிரைக் கொடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆகவே அது வெளியார் இட்ட பெயர் என்பது அதை விடுவதற்குப் போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி, பெயரே வேண்டாம் என்னும் உங்கள் நிலைக்கு வருகிறேன். கொரிந்து சபையில் சிலர் நான் பவுலைச் சேர்ந்தவன் என்றும், சிலர் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்றும், சிலர் கேபாவை, அதாவது பேதுருவை, சேர்ந்தவன் என்றும் சொன்னதைப் பவுல் கண்டிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே வரிசையில் நான்காவதாக ‘நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்’ என்பதும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மற்ற மூவருக்கும் மேலே தன்னை நிறுத்திக்கொள்ளும் தொனியில் சொல்லப்பட்டால், மிகச் சரியான அந்த வாக்கியமும் இன்னொரு கட்சியின் பெயராகிவிடும் என்றே நான் அதைப் படிக்கிறேன். 1804இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பார்ட்டன் ஸ்டோனும் அவருடைய தோழர்களும் பிரெஸ்பிட்டரி என்னும் தங்கள் சபை நிர்வாக அமைப்பைத் தாங்களே கலைத்து, இனி எங்களுக்குக் கிறிஸ்தவர் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை என்று அறிவித்தார்கள். தூய எண்ணம் அது. 1832இல் ‘சீடர்கள்’ என்று அழைத்துக்கொண்ட அலெக்சாண்டர் கேம்பெல் குழுவினரோடு அவர்களில் பெரும்பகுதியினர் இணைந்தார்கள். 1906ஆம் ஆண்டின் அமெரிக்கச் சமயக் கணக்கெடுப்பு அந்த இயக்கத்தாரை இரண்டு தனிப் பிரிவுகளாகப் பதிந்தது. பிரிவுப் பெயர்களே வேண்டாம் என்று தொடங்கியவர்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் வந்து சேர்ந்தன.

‘மறுபடியும் பிறந்தவர்’, ‘இரட்சிக்கப்பட்டவர்’, ‘விசுவாசி’ ஆகிய சொற்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். இவை வேதத்தின் சொற்கள். ‘மறுபடியும்’ என்பதற்கு யோவான் சுவிசேஷத்தின் மூலத்தில் இருக்கும் சொல் ‘மேலிருந்து’ என்றும் பொருள்படும். இரவில் வந்த நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு தடுமாறினார். இவ்வளவு ஆழமான சொல், இன்று அடுத்தவரை அளக்கும் கோலாகப் பயன்படுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் பாட்டி படுக்கையில் இருந்த கடைசி வாரங்களில், ஜெபிக்க வந்த ஒருவர் அவளிடம் “அம்மா, நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?” என்று கேட்டார். சங்கீதங்களில் பாதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் அவள்; பதில் சொல்லாமல் போர்வையின் ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டே இருந்தாள். அவர் போன பிறகு என்னிடம், “அப்படியானால் இத்தனை வருஷம் நான் யாரிடம் ஜெபம் பண்ணினேன்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவளுக்குள் விதைத்தவர் மீது எனக்கு இன்றும் வருத்தம் தீரவில்லை.

பிளினியின் முன் நின்றவர்கள் சொன்ன பெயருக்கும் பாட்டியிடம் நீட்டப்பட்ட பெயருக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்: அவர்கள் அதைத் தங்களைப் பற்றி, தங்களுக்கு வரப்போகும் கேட்டை அறிந்தே சொன்னார்கள்; இவரோ அதை இன்னொருவரைப் பற்றிக் கேட்டார், தமக்கு எந்த இழப்பும் இல்லாமல்.

சபைப் பெயரைப் பற்றி நான் உங்கள் நண்பரின் பக்கம்தான். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522இல், தம் பெயரால் யாரையும் அழைக்க வேண்டாம், கிறிஸ்தவர்கள் என்றே அழைத்துக்கொள்ளுங்கள், இந்தப் போதனை என்னுடையது அல்ல, நான் யாருக்காகவும் சிலுவையில் அறையப்படவும் இல்லை என்று எழுதினார். அவர் அப்படி மறுத்தது சரி. ஆனால் அவரிடம் கற்றவர்கள் அந்தப் பெயரைச் சுமப்பதில் நன்றியும் நேர்மையும் இருக்கிறது. நீங்கள் வேதத்தை வாசிக்கும் முறை, ஜெபிக்கும் சொற்கள், ஞானஸ்நானத்தையும் நற்கருணையையும் பற்றிய உங்கள் எண்ணம் எல்லாம் ஏதோ ஒரு சபை உங்களுக்குக் கற்றுத் தந்தவை. அந்தப் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவை உங்களிடம்தான் இருக்கும்; கேட்பவருக்குத்தான் அவை எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் போகும்.

ஆகவே, ‘இயேசுவைப் பின்பற்றுகிறவன்’ என்று சொல்வதை நிறுத்த வேண்டாம். கிறிஸ்தவனா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். எந்தச் சபை என்று உங்கள் நண்பர் மறுபடி கேட்டால், நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற சபையின் பெயரைச் சொல்லி, அங்கே கற்றதில் எதை ஏற்கிறீர்கள், எதில் உங்களுக்கு மனத்தாங்கல் என்பதையும் அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்