விதியா, என் தப்பா?

கேள்வி: எனக்கு 41 வயது. புதுச்சேரியில் இருக்கிறேன். பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். 2011 டிசம்பரில், அப்போது 5 வயதான மகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் வடக்குத் தெருப் பையனும் விரும்பினார்கள். இரண்டு குடும்பமும் ஒரே சொந்தம்தான். ஆனால் கூட்டுக் கிணற்றில் முறைத் தண்ணீர் விடுவதில் வந்த தகராறில் 11 வருடமாக முகம் பார்ப்பதில்லை. விஷயம் தெரிந்ததும் பெண்ணுக்கு வேறு இடத்தில் அவசரமாகத் தட்டு மாற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் என் கையில் ஒரு சீட்டைத் திணித்து, “அக்கா, இன்னைக்கே அவர்கிட்ட குடுத்துடு” என்றாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போகாதே என்றாள் அம்மா. விடிந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்று ராத்திரி தானே புயல். இரண்டு நாள் தெருவில் இறங்க முடியவில்லை. தட்டு மாற்றிய சேதி மட்டும் எப்படியோ அவனுக்குப் போயிருக்கிறது. மூன்றாம் நாள் அவன் இல்லை. அந்தச் சீட்டு இன்னும் என் பீரோவில் ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கிறது. பிரித்ததே இல்லை. அவள் இப்போது நெய்வேலியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். என்னோடு பேசுவதில்லை. போன மாதம், காலேஜில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள், “ரோமியோ ஜூலியட்ல அந்தச் சாமியார் லெட்டரைக் கொண்டுபோய்ச் சேர்க்காததாலதானேம்மா ரெண்டு பேரும் செத்தாங்க?” என்று கேட்டாள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வீட்டுக்காரர் எல்லாம் விதி என்கிறார். விதியா, என் தப்பா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்குப் பதில் சொன்னாலே உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நாடகத்தில் சாமியார் ஒருவரல்ல, இருவர். ஜூலியட் செத்ததுபோல் தூங்கவைக்கும் மருந்தைக் குடிக்கப்போகிறாள், கண் விழிக்கும்போது வந்து கூட்டிப்போ என்று வெளியூரில் இருந்த ரோமியோவுக்குக் கடிதம் எழுதியவர் லாரன்ஸ், எடுத்துக்கொண்டு கிளம்பியவர் ஜான். வழித்துணைக்கு இன்னொரு சாமியாரைக் கூப்பிடப் போகிறார் ஜான். அந்த இன்னொருவரோ நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். கொள்ளைநோய் வீட்டுக்குள் இருந்தவர்கள் என்று சந்தேகப்பட்டு, இரண்டு பேரையும் உள்ளே வைத்துக் கதவுக்கு முத்திரை வைத்துவிடுகிறார்கள். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் ஒருவரும் அந்தக் கடிதத்தைத் தொட மறுக்கிறார்கள். 2020-ல் தெருவை அடைத்துத் தகரம் அடித்தார்களே, அதுமாதிரி என்று மகளிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

கடிதம் போகவில்லை, சரி. ஆனால் அது மட்டும் ரோமியோவைக் கொல்லவில்லை. அவனுடைய வேலைக்காரன் பால்தசார் குதிரையில் ஓடிவந்து, ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைப் பார்த்தேன் என்கிறான். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னான், பொய் இல்லை. பாதிச் சேதி அப்படித்தான், முழுச் சேதிக்கு முன்னால் ஓடிவந்துவிடும். உங்கள் ஊரிலும் புயலைத் தாண்டி தட்டு மாற்றிய கதை போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். அப்போது ரோமியோ ஒரு கேள்வி கேட்கிறான்: சாமியாரிடமிருந்து எனக்குக் கடிதம் ஏதும் இல்லையா? இல்லை ஐயா என்கிறான் வேலைக்காரன். “அதனாலென்ன, பரவாயில்லை” என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான் ரோமியோ. ஒரு நாள் பொறுத்திருந்தால், ஆள் அனுப்பி விசாரித்திருந்தால் என்று அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அப்புறம், அவன் சின்னப் பையன், பக்கத்தில் உட்கார்ந்து “இருடா” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை என்பதும் தோன்றும்.

இன்னொரு விஷயம் பரீட்சைப் பேப்பரில் யாரும் எழுதுவதில்லை. ஜூலியட்டை வேறொருவனுக்குக் கொடுக்க வியாழக்கிழமை என்று குறித்த கல்யாணத்தை புதன்கிழமைக்கு இழுத்தவர் அவளுடைய அப்பா. அதனால் அவள் மருந்து குடிக்க வேண்டிய ராத்திரி ஒரு நாள் முந்திவிட்டது. கடிதத்துக்கு இருந்த அவகாசத்தில் ஒரு முழு நாள் அங்கே போயிற்று. உங்கள் கடிதத்தில் டிசம்பர் கடைசி என்று பார்த்ததும் எனக்கு அந்த அப்பாதான் நினைவுக்கு வந்தார். மார்கழியில் யாராவது தட்டு மாற்றுவார்களா? தை பிறக்கும்வரை இரண்டு வாரம் காத்திருக்க முடியாத அளவுக்கு அந்த வீட்டில் கிணற்றுக் கோபம் இருந்திருக்கிறது. அந்தத் தேதியைக் குறித்தது நீங்கள் இல்லை.

இந்தக் கதை ஷேக்ஸ்பியர் கற்பனை செய்ததில்லை. அவருக்கு முன்னால், 1562-ல் ஆர்தர் புரூக் என்பவர் ஆங்கிலத்தில் நீண்ட பாட்டாக எழுதியிருந்தார். அவருடைய முன்னுரையில் தீர்ப்பு முதலிலேயே தயார்: பெற்றவர்கள் பேச்சைக் கேட்காமல் ஆசைக்கு அடிமையானவர்கள், கெட்டுப்போனார்கள். நம் ஊர் டீக்கடையில் காதல் சாவுகளைப் பற்றிப் பேசும் அதே குரல். ஷேக்ஸ்பியர் அந்த முன்னுரையைத் தூக்கிப் போட்டார். புரூக்கிடம் மாதக்கணக்கில் நடந்த கதையை ஞாயிறு காலையிலிருந்து வியாழன் விடியலுக்குள் நெருக்கினார். பெண்ணின் வயதை 16-லிருந்து 14 நிறையாதவளாகக் குறைத்தார். நட்சத்திரம் சரியில்லாத காதலர்கள் என்று ஆரம்பத்தில் விதியையும் சொல்லிவைத்தார். சொல்லிவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் ஒரு மனிதன் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிக்கொண்டே போகிறார். விதிதான் என்றால் அத்தனை மெனக்கெடுவானேன்?

விதி என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்று கவனித்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. கல்லறைக்குள் ஜூலியட் கண் விழிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் லாரன்ஸ். நம்மால் எதிர்க்க முடியாத பெரிய சக்தி நம் திட்டத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார். வெளியே காவலாளிகள் சத்தம் கேட்கிறது. இனி நிற்க எனக்குத் துணிவில்லை என்று, அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறிவிடுகிறார். அவர் செய்த பெரிய தப்பு அதுதான், கடிதம் இல்லை. ஆனால் அப்புறம் மன்னர் முன்னால் நின்று ஒன்றுவிடாமல் சொல்கிறார், இதில் என் குற்றம் இருந்தால் இந்தக் கிழட்டு உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். மன்னரும் சும்மா தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகவில்லை. உங்கள் இரண்டு குடும்பத்துச் சண்டையைக் கண்டும் காணாமலும் இருந்த நானும் உறவுகளை இழந்தேன், எல்லாருக்கும் தண்டனைதான் என்கிறார். உங்கள் ஊரில் 11 வருடம் கண்டும் காணாமல் இருந்த பெரியவர்கள் எத்தனை பேர்?

உங்கள் வீட்டுக்காரர் விதி என்று சொல்வது உங்கள் மேல் உள்ள பிரியத்தால். சொல்லட்டும். கிணற்றுக்காரர்கள் அதே சொல்லைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது அந்தச் சாயங்காலம். அன்று நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மொட்டைமாடியில் டிஷ்ஷைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நடுராத்திரிக்கு மேல் எந்த வீட்டுக் கூரையோ, ஒரு தகரம் தெரு நெடுக உருண்டு போகிற சத்தம். காலையில் வேப்பமரம் கேட்டின் மேல் படுத்திருந்தது, போன் செத்துக் கிடந்தது. டிசம்பர் 30 விடிந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்கொல்லைகளும் பலாமரங்களும் என்ன கதியில் இருந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்த இரண்டு நாளுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் “வானம் இருட்டிக்கொண்டு வந்தது” என்பதற்கு அடுத்து ஒரு வரியை அடித்திருக்கிறீர்கள். பேனா அழுத்தமாக ஓடியிருந்தாலும் படிக்க முடிந்தது: “அவங்க வீட்டு வாசல்ல நிக்கறதை யாராச்சும் பாத்துடுவாங்கன்னு பயம்.” அச்சில் அதைச் சேர்க்கக் கூடாது என்றுதான் அடித்திருப்பீர்கள், மன்னிக்கவும். உங்களைத் தூங்கவிடாதது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அது தப்பா என்றால், தப்புதான். 27 வயதுப் பெண், கையில் பிள்ளை, பகையுள்ள தெரு, பயம் வந்தது. இந்த அளவுத் தப்பு செய்யாதவர்கள் அந்த ஊரில் அன்று ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அதை ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு படி கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். பாண்டிய மன்னன் “யானே கள்வன்” என்று முழுப்பழியையும் ஏற்றான், ஆனால் ஆணையிட்டது அவன் வாய். நீங்கள் யாருக்கும் ஆணையிடவில்லை.

இன்னொன்று. நாடகத்தில் கடிதத்தில் என்ன இருந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. “காத்திரு” என்று எழுதியிருந்தாள், அதை மட்டும் கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று 14 வருடமாக அந்தச் சீட்டை நீங்களே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். “என்னை மறந்துடு” என்றும் இருக்கலாம். வெறும் போன் நம்பராகவும் இருக்கலாம். எழுதியவளுக்குத்தான் தெரியும்.

அவள் பேசாமல் இருப்பது உங்கள் மேல் கோபத்தால் என்று முடிவுகட்டாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சாயங்காலம் திரும்ப வரும் என்பதால் இருக்கலாம். நேரில் போய் நிற்காதீர்கள், அவள் வீட்டுக்காரருக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்று நமக்குத் தெரியாது. அவளோடு இன்னும் பேசுகிற ஒரு பெண் ஊரில் இருப்பாள். அவள் மூலமாக ஒரே ஒரு கேள்வி போகட்டும்: “உன் பொருள் ஒண்ணு என்கிட்ட இருக்கு, வேணுமா?” மன்னிப்பெல்லாம் அதோடு சேர்க்காதீர்கள். அதைக் கேட்டால் உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழும். வேண்டாம் என்று பதில் வந்தால் அதுவும் அவள் பதில்.

மகளிடம் நடந்ததைச் சொல்லலாம், 19 வயதாகிறது. தூக்கம் இல்லாமல் போவதை மட்டும் சும்மா விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு பேசினால் கூடப் போதும்.

அவள் வேண்டும் என்றால் சீட்டை அந்த ரேஷன் கார்டு கவரிலிருந்து எடுத்து ஒரு நல்ல காகித உறையில் போடுங்கள். இத்தனை வருடத்தில் மடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பிரிக்க வேண்டாம், அவளே பிரிக்கட்டும்.