ஓபிடி போர்ட்டில் செருகும் டப்பா பெட்ரோலை மிச்சப்படுத்துமா?

கேள்வி: என்னுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு பார்க்கும் ஓபிடி போர்ட்டில் செருகினால் 15 சதவீதம் பெட்ரோல் மிச்சமாகும் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு சின்ன டப்பா வாங்கினேன். செருகியதும் விளக்கு மின்னுகிறது. 200 கிலோமீட்டர் ஓடியதும் நம் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு இன்ஜினைச் சரிசெய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஓட்டியும் பார்த்துவிட்டேன். முன்பு டிஸ்ப்ளேயில் 14 காட்டியது, இப்போது 15.5 காட்டுகிறது. என் மச்சான் சுத்த ஏமாற்று வேலை என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், ஈரோடு)

பதில்: மச்சான் சொல்வதுதான் சரி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் போர்ட்டில் 16 பின் இருக்கும். 16ஆம் பின்னில் பேட்டரி கரன்ட் எப்போதும் வரும், 4ம் 5ம் எர்த். இன்றைய கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டரோடு, அதாவது ஈசியூவோடு, பேசும் கேன் லைன் 6, 14 ஆகிய பின்களில் இருக்கிறது. அந்த லைனில் ஒரு கருவி பேச வேண்டுமென்றால் அதற்கென்று டிரான்ஸீவர் என்ற சர்க்யூட் வேண்டும். குவார்க்ஸ்லாப் என்ற பிரெஞ்சு கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம், இந்த வகை டப்பாக்களில் பிரபலமான நைட்ரோ ஓபிடி2 என்பதை வாங்கிப் பிரித்துப் பார்த்தது. உள்ளே ஒரு சின்ன சிப், ஒரு பட்டன், சில எல்இடி விளக்குகள், அவற்றுக்குக் கரன்ட் கொடுக்க நாலு பாகங்கள். போர்டில் டிரான்ஸீவர் இல்லை. ஒருவேளை சிப்புக்குள்ளேயே இருக்குமோ என்று சிப்பின் மேல் உறையையும் நீக்கிப் பார்த்தார்கள், அங்கும் இல்லை. அதோடு விடவில்லை, டப்பாவை ஒரு காரில் செருகி, செருகுவதற்கு முன்னும் பின்னும் கேன் லைனில் என்ன ஓடுகிறது என்று பதிவு செய்து ஒப்பிட்டார்கள். டப்பாவிடமிருந்து ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. காரோடு பேசவே முடியாத ஒன்று உங்கள் பழக்கத்தை எங்கிருந்து கற்றுக்கொள்ளும்? விளக்கு மின்னுவது மட்டும்தான் அதன் வேலை.

சரி, பேசத் தெரிந்த டப்பாவாகவே இருக்கட்டும், அப்போதும் கதை மாறாது. ஈசியூவுக்குள் எவ்வளவு பெட்ரோல் எப்போது தெளிக்க வேண்டும் என்ற கணக்கு, ஒவ்வொரு மாடலுக்கும், ஏன் ஒரே மாடலின் வெவ்வேறு வருடத்துக்கும்கூட வேறு வேறு. அதை மாற்றும் ரீமேப் வேலை செய்கிறவர்கள் லேப்டாப்பும் அந்தந்த ஈசியூவுக்கான சாஃப்ட்வேரும் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எல்லாக் காருக்கும் ஒரே டப்பா என்று சொல்லும்போதே சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, பெட்ரோல் இன்ஜினில் ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் இருந்தால்தான் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஈசியூ நொடிக்கு நொடி அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. யாரோ வெளியிலிருந்து பெட்ரோலைக் குறைத்தால் அது திரும்பவும் கூட்டிவிடும். கம்பெனிகளின் நிலையையும் யோசியுங்கள். இந்தியாவில் 2022-23 முதல் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு அளவு கிலோமீட்டருக்கு 113 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கிராமுக்கும் தலைகீழாக நின்று வேலை செய்கிறார்கள். சில நூறு ரூபாயில் 15 சதவீதம் கிடைக்குமென்றால் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியிருப்பார்கள்.

அப்படியானால் 15.5 எப்படி வந்தது? டிஸ்ப்ளே காட்டுவது ஒரு மதிப்பீடு, நீங்கள் ரீசெட் செய்த நேரம், ஓடிய ரூட், ஏசி, டிராஃபிக் எல்லாவற்றையும் பொறுத்து ஒன்றரை கூடுவதும் குறைவதும் சாதாரணம். டப்பா வாங்கிய புதிதில் மைலேஜைக் கவனிக்கும் நினைப்பிலேயே ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிப்பவர்களும் நிறையப் பேர். உண்மையான கணக்கு வேண்டுமென்றால், ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அங்கேயே அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை பில்லில் இருக்கும் லிட்டரால் வகுங்கள். டப்பாவோடு சில டேங்க், டப்பா இல்லாமல் சில டேங்க் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். இதில் ஒரு டேங்க்கை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

பார்த்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். 16ஆம் பின்னில் கரன்ட் எப்போதும் இருப்பதால், கார் நின்றிருக்கும்போதும் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: நான் டாக்ஸி ஓட்டுகிறேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஃபியூல் சேவர் வைத்தால் வோல்டேஜ் சீராகி மைலேஜ் கூடும் என்று ஸ்டாண்டில் ஒருவர் விற்கிறார். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வாங்காதீர்கள் அண்ணே. அதற்குள் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு எல்இடியும்தான் இருக்கும். ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டர் இருக்கிறது, அது இன்ஜின் ஓடும்போது வோல்டேஜை 14 பக்கத்தில் வைத்துக்கொள்கிறது, அதற்கு மேல் வரும் ஏற்ற இறக்கத்தை இத்தனை பெரிய பேட்டரியே தாங்கிக்கொள்கிறது. இதில் விரல் அளவு கெப்பாசிட்டருக்கு என்ன வேலை? பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தமும் இதே ரகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையான ஈபிஏ இப்படி எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது, அவற்றில் மிகச் சிலதான் கொஞ்சமாவது பலன் கொடுத்தன. தினம் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் எண்ணி எண்ணிக் காசு எடுத்து வைக்கிற டாக்ஸிக்காரர்களிடம் போய் இதை விற்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் டர்போ டீசல் வண்டிகளுக்கு விற்கும் டியூனிங் பாக்ஸும் பொய்தானா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை, அது வேறு. இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு கொண்டுபோகும் குழாய்க்கு 'ரயில்' என்று பெயர்; அதன் பிரஷர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே வயரிங்கில் இந்த பாக்ஸை மாட்டுவார்கள். பிரஷர் குறைவாக இருப்பதுபோல் அது ஈசியூவுக்குக் காட்டும், ஈசியூ பிரஷரை ஏற்றும், டீசல் கூடுதலாகப் பாயும், இழுவை நிஜமாகவே கூடும். விலை பல ஆயிரம். ஆனால் கிளட்ச், டர்போ, புகைச் சூடு எல்லாமே கம்பெனி போட்ட கணக்கைத் தாண்டிப் போகும், பிஎஸ்6 வண்டி என்றால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டருக்கும் சுமை, வாரன்டியும் கையை விட்டுப் போகலாம். மைலேஜுக்காக மட்டும் என்றால் நான் சொல்லமாட்டேன். ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டும் திராட்டில் கன்ட்ரோலர் இன்னொரு வகை, அது பவரைக் கூட்டாது, நீங்கள் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக ஈசியூவுக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

கேள்வி: ஈ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது. கருவி வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: குறைவது உங்கள் கற்பனை இல்லை. ஈ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வகைக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. எந்த டப்பாவும் அந்த ஆற்றலைத் திரும்பக் கொண்டுவராது.

மற்ற பக்கங்களில் பிடிக்கலாம். டிரைவர் கதவைத் திறந்தால் பில்லரில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் காற்றை டயர் சூடாவதற்கு முன் காலையில் பிடியுங்கள். பலர் மாதக்கணக்கில் பார்ப்பதே இல்லை. அப்புறம் பிரேக். ஹைவேயில் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தியதும், நான்கு வீல் ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கலாம், அதைச் சரிசெய்தால் கிடைக்கும் மைலேஜ் எந்தக் கடையிலும் கிடைக்காது. வேகமும் முக்கியம்: 80லிருந்து 100க்குப் போனால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பெட்டி ஏற்றாத நாளில் மேலே இருக்கும் கேரியரைக் கழற்றி வையுங்கள்.

ஓபிடி போர்ட்டுக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் ரீடர் வாங்குங்கள். அது மைலேஜைக் கூட்டாது, ஆனால் செக் இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது, கூலன்ட் சூடு எவ்வளவு என்று போனில் காட்டும். கூலன்ட் எவ்வளவு ஓட்டியும் சூடேறவில்லை என்றால் இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம், பெட்ரோல் குடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேலை முடிந்ததும் இதையும் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கி ஏமாந்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், சென்னை)

பதில்: ரிட்டர்ன் தேதி முடியவில்லை என்றால் இன்றே திருப்பி அனுப்புங்கள், "விளம்பரத்தில் சொன்னபடி வேலை செய்யவில்லை" என்றே காரணம் எழுதுங்கள். தேதி முடிந்திருந்தால் பில், "15 சதவீதம் மிச்சம்" என்று எழுதியிருக்கும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். விற்பவர்கள் அதை நம்பித்தான் விலையை இவ்வளவு குறைவாக வைக்கிறார்கள்.